தீர்வை ஏற்படாத தரிசு

மூலைக்கரைப்பட்டிக்குக் கிழக்கே
சர்வே எண் இருநூற்றுப் பதினாலு.
அடங்கலில் 'தரிசு' என்று எழுதியது நான்தான்,
பதினோரு வருஷமாக.

மார்கழி சாயங்காலம் எல்லைக்கல் தேடி இறங்கினேன்.
ஊசிப்புல் கால்சட்டையில் தைத்தது.
"குனிஞ்சுக்கிடுங்க சார்" என்றார்
ஆட்டுக்கிடை போட வந்த கோயில்பிச்சை.

சாம்பல் நிறத்தில் ஒன்று.
பிறகு ஏழு.
பிறகு எண்ணுவதை விட்டேன்.
பாலைகள் தாண்டி வந்த பூனைப்பருந்துகள்
தொலைவில் நின்ற ஒற்றை உடைமரத்தைச் சட்டைசெய்யாமல்
புல்லுக்குள் இறங்கிப் படுத்தன.

நாளைக் காலை
ஆயிரம் வேப்பங்கன்று வருகிறது,
பந்தல் வருகிறது, கலெக்டர் வருகிறார்.
'மரமில்லாத வெற்றிடம்':
என் அறிக்கைதான்.

ராத்திரி பதிவேட்டைத் திறந்து
தரிசை அடித்தேன்.
கட்டத்தில் இடமிருக்கிறது,
எழுதச் சொல் வரவில்லை.
குழி தோண்டும் மிஷின்காரருக்குப் போன் போட்டேன்.
எடுக்கவில்லை.
திரும்பவும் போட்டேன்.