அம்பு ஸ்டிக்கர்

பதினைந்து வேலம்பாளையம் முகாமிலிருந்து வந்த
நாற்பத்தோரு ஸ்லைடுகளில் இது இருபத்தெட்டாவது.
பாவாத்தாள், 46, பனியன் கம்பெனி, செக்கிங்.
‘வெள்ளைப்படுதல்’ கட்டத்தில் டிக் போட்டு
பிறகு அதை அடித்திருக்கிறாள்.

நல்ல செல்கள் வெளிர்நீலமாய், இளஞ்சிவப்பாய்
அகலமாய்க் கிடக்கின்றன,
காயப்போட்ட அப்பளம் மாதிரி.
(மணி இரண்டரை. நான் இன்னும் சாப்பிடவில்லை.)
லென்ஸை நகர்த்தினால், ஓரத்தில் அவை.
கரு வீங்கிச் செல்லையே தின்றுவிட்டது;
கறுத்து, விளிம்பு கோணி, கும்பலாய்.
பக்கத்தில் ஒன்று, கருவைச் சுற்றி வெறும் வளையம்:
யாரோ குடியிருந்த வீடு.

பேனாவால் புள்ளி வைக்கிறேன்.
அவள் அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாளாம், பிற்பாடு சொன்னாள்.
ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல்,
ஷிப்டுக்கு அறுநூறு பீஸ்.

உள்ளே நடந்தது இது.
எட்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான எழுத்துகளில்
வட்டமாய் எழுதிய ஒரு வாசகம்
வலிக்காத ஒரு சிராய்ப்பின் வழியே
அடியடுக்குக்குப் போய் உட்கார்ந்தது.
எந்த வருஷம், யாரிடமிருந்து?
எந்தச் சாயத்திலும் அது தெரியாது.
பெரும்பாலோருக்கு வந்த சுவடில்லாமல் போய்விடும்.
இவளிடம் போகவில்லை.

ஒருநாள் வட்டம் அறுந்து
அவளுடைய சொந்த நூலோடு முடிச்சிட்டுக்கொண்டது.
அறுந்த இடத்தில் இருந்தது ஈ-இரண்டு.
மற்ற இரண்டின் வாயையும்
அதுவரை பொத்தி வைத்திருந்தது அதுதான்.
ஈ-ஆறு, ஈ-ஏழு;
பறக்காத, மொய்க்க மட்டும் தெரிந்த ஈக்கள்.

ஏழு போய் பிரேக் புரதத்தைக் கட்டிப்பிடித்துச் சாய்த்தது.
மெஷின் ஓட ஆரம்பித்தது.
ஓடட்டும், செல்லுக்குள்ளும் ஒரு செக்கர் உண்டு,
பேர் பி-ஐம்பத்துமூன்று.
பிழை கண்டால் நிறுத்தும்,
தைத்துச் சரியாகாது என்றால்
செல்லையே செத்துப்போகச் சொல்லும்.

ஆறு அங்கே வந்தது.
கையாள் ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு
ஸ்டிக்கரை எடுத்துச்
செக்கரின் நெற்றியிலேயே ஒட்டியது.
ஸ்டிக்கர் இருந்தால் வேஸ்ட் குடோன்.
அங்கிருக்கும் அரைவை எந்திரம்
யார் ஒட்டினது என்று கேட்பதில்லை.

அப்புறம் ஒவ்வொரு பிழையும் பாஸ்.
தேய்ந்து தேய்ந்து ஓய வேண்டிய நூல்முனையைக்கூட
திரும்பத் திரும்ப நீட்டிக்கொண்டன.

ஸ்லைடு சொல்லாத ஒன்று இருக்கிறது.
அடியில் ஒரு மெல்லிய படலம். தாண்டிவிட்டனவா?
தாண்ட வேண்டுமானால் முதலில்
பக்கத்துச் செல்லின் கையை உதற வேண்டும்.
படலத்தைக் கரைக்கும் நொதியைத் துப்ப வேண்டும்.
தாண்டினால் இடுப்புக்குள் நிணநீர் முடிச்சுகள்,
பிறகு நுரையீரல்,
பிறகு நான் எழுத விரும்பாத படிவங்கள்.
சுரண்டியெடுத்ததில் ஆழம் கிடைக்காது.

போன் செய்தேன்.
“வியாழக்கெழம கன்டெய்னர் கெளம்புதுங்க,
வெள்ளிக்கெழம வரட்டுங்களா?”
புதன்கிழமையே வாங்க என்றேன்.

வந்தாள். லைனில் பக்கத்து டேபிள்காரி கூட வந்திருந்தாள்.
சதைத்துணுக்கு எடுத்து முடிந்ததும்
சேலையைச் சரிசெய்துகொண்டே கேட்டாள்:
“ஏனுங்க, இது ரிஜெக்டுங்களா, ஆல்டருங்களா?”
டாக்டர் சொல்லுவாருங்க.
எனக்கு அப்படித்தான் சொல்ல அனுமதி.

மெழுகுக் கட்டியிலிருந்து வெட்டிய நாலாவது சீவலில்
படலம் ஒரே ஒரு இடத்தில் பிய்ந்திருந்தது.
அளவுகோலைப் பொருத்தினேன்.
ஒன்று புள்ளி நான்கு மில்லிமீட்டர்.
குழாய்கள் எதிலும் அவை இல்லை.
நம்பாமல் மறுபடி அளந்தேன்.

அதே அளவு.
ட்ரேயை டாக்டர் மேசையில் வைத்துவிட்டு
டிபன் பாக்ஸைத் திறந்தேன்.