ஏழாவது துண்டு

பள்ளத்தூரில்
முப்பத்தேழு பேருக்குச் சொந்தமான ஒரு வீடு.
இரண்டாம் கட்டு நிலைக்கு மேலே
அரைவட்டக் கண்ணாடி,
விசிறியாய் விரிந்த பதின்மூன்று துண்டுகள்.
ஏழாவதன் இடத்தில் தகரம்.
தகரத்தில் பாமாயில் கம்பெனியின் பனைமரம், பாதி.

தைப் படைப்புக்குள் முடித்துத் தரவேண்டும்.
என்ன நிறம் என்று மட்டும் கேட்டேன்.

பினாங்கிலிருந்து பெரிச்சியப்பன் குரல்பதிவு அனுப்பினார்:
பச்சை.
அம்மை போட்டுப் படுத்திருந்த பத்து நாளும்
பத்தரை மணிக்கு அது என் முழங்காலில் இருக்கும்,
பதினொன்றுக்குப் பாயைத் தாண்டிவிடும்.

கோயம்புத்தூர் தேனம்மை எழுதினார்:
ஊதா. சத்தியமாக ஊதா.
என் திருப்பூட்டு அன்று கட்டியிருந்த பட்டை
அது வேறு பட்டாக்கியது. படம் இருக்கிறது.
படம் வந்தது.
கறுப்பு வெள்ளை.

டெக்சாஸ்காரர் ஒருவர்
கட்டைவிரல் மட்டும் காட்டினார்.
எதற்கென்று தெரியவில்லை.

பாண்டிச்செல்வம் ஏணியைப் பிடித்துக்கொள்ள
தகரத்தை நெம்பினேன்.
ஈயப் பட்டையின் உதடு
கொடுக்காப்புளித் தோல்போல் சுருண்டு கொடுத்தது.
மிச்ச நாள் மக்கு சுரண்டுவதில் போனது.
சுண்ணாம்புத் தூளும் ஆளிவிதை எண்ணெயும்தான் மக்கு.
நாற்பது வருடத்தில் கல்லாகும்,
எண்பதில் பிஸ்கட்டாகும்.
இந்தப் பள்ளத்தில்
கல்லும் இருந்தது, பிஸ்கட்டும் இருந்தது.

காடாத் துணியில் கொட்டி
சாவியால் கிளறிப் பார்த்தேன்.
மேல் மக்கில் பச்சைத் தூள்,
சோடா பாட்டில் பச்சை.
அதற்கடியில் நகக்கண் அளவு ஊதா.
அதற்கும் அடியில், மூலையில்,
முதல் ஆள் முதல் முறை பதித்ததன் மிச்சம்:
நிறமே இல்லை.
பன்னிரண்டு வண்ணத்துக்கு நடுவே
ஒரு துண்டை
வெளியே பார்க்க விட்டிருக்கிறான்.

மூன்றையும் உள்ளங்கையில் வைத்துப் படமெடுத்து
குழுவில் போட்டேன்.
ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை.
பிறகு எல்லோரும் பேசினார்கள்.
நான் சொன்னேனே என்றார் பெரிச்சியப்பன்.
நான் சொன்னது அதற்கு முந்தி என்றார் தேனம்மை.
கண்ணாடியை விட்டுக்
கிணற்றடி மோட்டார் பாக்கிக்குப் போனது பேச்சு,
அங்கிருந்து மேல்மாடிச் சாவிக்கு.

இரவு பதினொன்றுக்கு ஓட்டெடுப்பு.
மஞ்சள் வென்றது.
பந்தல்காரன் துணி மஞ்சளாம்.
எனக்கு வெறும் கண்ணாடியின்மேல் ஆசை.
எனக்கு ஓட்டு இல்லை.

மஞ்சள் தகட்டை மேசையில் கிடத்தி
சக்கரத்தில் மண்ணெண்ணெய் தொட்டு இழுத்தேன்.
பட்டு கிழிவதுபோல் சத்தம் ஒரே சீராக வரவேண்டும்,
நடுவில் மூச்சு வாங்கினால் துண்டு போச்சு.
போச்சு.
வாசலில் மீன்காரர் ஹாரன்.
இரண்டாவதை
தெருக்கதவைச் சாத்திவிட்டு வெட்டினேன்.

ஓரம் கடித்து, பொருத்தி,
பற்றாசு ஊற்றி, ஈயத்தை மடக்கினேன்.
துணியிலிருந்த தூளை
பாண்டிச்செல்வம் குப்பைக்கு எடுத்துப் போனார்.
கூப்பிட்டு வாங்கி
பச்சை, ஊதா, ஒன்றுமில்லாதது எல்லாவற்றையும்
புது மக்கில் பிசைந்து
பள்ளத்துக்குள் அழுத்தினேன்.
நாற்பது வருடம் கழித்துச் சுரண்டப்போகிறவர்
ஏணிமேல் நின்று என்னைத் திட்டட்டும்:
எந்தக் கிறுக்கு வேலை இது,
ஒரே பள்ளத்தில் நாலு ஜன்னல்.

பில்லில் எழுதினேன்:
மஞ்சள், துண்டு ஒன்று.
உடைந்தது ஒன்று, என் கணக்கு.

படைப்பன்று வந்தவர்கள் இருபத்திரண்டு பேர்.
யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.
செருப்பைத் தேடினார்கள், சார்ஜரைத் தேடினார்கள்,
கும்பிட்டார்கள், சாப்பிட உட்கார்ந்தார்கள்.

அதற்கெல்லாம் முன்னால், பத்தரைக்கு,
மஞ்சள் இறங்கி வந்தது.
சமையலுக்கு வந்த இருளாயி
வாழைக்காய் சீவுவதை நிறுத்திவிட்டு
கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
துரு என்று நினைத்து
முந்தானையில் துடைத்தாள்.
மறுபடியும் துடைத்தாள்.