செலவு

கால்புக்கோவில் மழை நிற்பதில்லை, இளைக்கும்.
அப்படி இளைத்திருந்த ஒரு புதன்கிழமை
ரப்பர் மேலங்கி சொட்டச் சொட்ட
என் மேசைக்கு முன் வந்து நின்றாள்
சிப்பி பிரிக்கும் இரண்டாம் வரிசை
நெலிடா ஓயார்சோ.
கையில் மாலைக் கல்லூரியின் ரசீது.
குளிர்பதனத் தொழில்நுட்பம், முதல் பருவம்.
"கம்பெனி கட்டும் என்று சொன்னார்கள்."

யார் சொன்னது என்றேன்.
கணக்கன் கேட்கவேண்டிய கேள்விதான் அது.
இருபத்திரண்டு வருடமாகக்
கையுறைக்கும் உப்புக்கும் டீசலுக்கும்
பத்தி பிரித்தவன் நான்.
ஒருத்தியின் தலைக்குள் போய்ச் சேரும் பணத்துக்கு
என் ஏட்டில் பத்தி இல்லை.

மேலாளர் உர்சுலா ஃபோக்ட்
நிமிராமலே சொன்னார்:
"செலவில் எழுதுங்கள்."

எழுதினேன்.
சிப்பிக் கத்தி நூற்றிருபதுக்குக் கீழே,
எலிப்பொறி ஆறுக்கு மேலே.

திங்கள், புதன், வெள்ளி
ஐந்தரைக்கே வரிசையை விட்டுச் செல்வாள்.
புவெர்ட்டோ மான்ட் பேருந்தில்
நின்றுகொண்டே தூங்குவாளாம்.
அவள் விட்டுப்போன கூடைகளையும் சேர்த்துப் பிரித்தான்
பக்கத்தில் நின்ற எவாரிஸ்தோ.
"மகாராணி பள்ளிக்கூடம் போகிறாள்,
சிப்பி வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறது."
அவன் முணுமுணுப்பில் நியாயம் இருந்தது.
அந்த அரைமணிகளுக்கு
யாரும் ரசீது நீட்டவில்லை.
அதுவும் செலவுதான். நான் எழுதவில்லை.

டிசம்பரில் தோற்றாள்.
வெப்ப இயக்கவியல்,
ஏழுக்கு மூன்று புள்ளி நான்கு.
இம்முறை மேசைவரை வரவில்லை,
கதவடியிலேயே நின்றாள்:
"இரண்டாம் தடவைக்கு
என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்."
எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி.
ஒளிப்பானேன், இருந்தது.

உர்சுலா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
"பழைய படகுக்கு இரண்டு முறை
எஞ்சின் மாற்றினோமே,
படகின் சம்பளத்திலா பிடித்தோம்?"

எழுதினேன். அதே பத்தி.

பிறகு ஒருநாள்
மூன்று வருட மின்கட்டணத் தாள்களைக்
கேட்டுக்கொண்டு வந்தாள்.
என் அலமாரியை அதுவரை
எவரும் எதற்காகவும் கேட்டதில்லை.
கொடுக்க மனமில்லாமல் கொடுத்தேன்.
நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டாள்,
விரலில் இன்னும் சிப்பி வாடை.
இரவு இரண்டு மணி எண்களைப்
பென்சிலால் வட்டமிட்டாள்.
"பனி கட்டிய குழாய்க்குள்
இரண்டு இயந்திரமும் ஒன்றையொன்று
முட்டிக்கொள்கின்றன, பாருங்கள்."

பார்த்தேன்.
நானே கூட்டிய எண்கள்.
கூட்டல் பிசகவில்லை என்று
கையெழுத்துப் போட்ட எண்கள்.
அவற்றுக்குள் குழாய் இருந்ததோ
பனி இருந்ததோ
எனக்குத் தெரியாது.

அவள் சொன்னது சரிதானா என்று தெரியப்
பதினொரு மாதம் ஆயிற்று.
பாதி சரி.
மற்றப் பாதிக்கு இன்னொரு பருவம்
படிக்கவேண்டும் என்றாள்.
சிரித்துவிட்டேன்.
ரசீது எங்கே என்று நானே கேட்டேன்.

போன மார்ச்சில்
சாந்தியாகோவிலிருந்து தணிக்கையாளர் வந்தார்,
நனையாத காலணியோடு.
கத்திக்கும் எலிப்பொறிக்கும் நடுவே
விரல் வைத்தார்:
"இது எங்கே போயிற்று?"

வெளியே மழை இளைத்திருந்தது.
கூரைமேல் மண்டியிட்டிருந்தாள் நெலிடா.
ஏதோ ஒரு மூடியைத் திறந்து
உள்ளே காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.
பட்டப்பகலில் அவளுக்கு
டார்ச் பிடித்துக்கொண்டு,
வாய் ஓயாமல் திட்டிக்கொண்டு,
எவாரிஸ்தோ.

"மேலே" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை.
பென்சிலால் ஓரத்தில்
ஒரு கேள்விக்குறி போட்டார்.
நான் அதை அழிக்கவில்லை.