உடைப்பு, பதினோரு நிமிடம்

மழை விட்ட நாலாம் நாள்,
கூத்தாநல்லூரில் ஜபருல்லா கடை.
கரண்ட் இல்லை. கண்ணாடிக்கு அடியில் கிடப்பதை
டார்ச் அடித்துக் காட்டுகிறார்.

"இது ஹார்டு டிஸ்க். ஒரு டிபி.
உங்க பிர்க்கா மொத்தமும் உள்ளே போகும்.
ஆனா தட்டு சுத்துற சாமான்,
நம்ம ரோட்டுக்கு ஆகாது.
இது எஸ்எஸ்டி. கீழே விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது,
விலையைச் சொன்னா நீங்க விழுந்துடுவீங்க.
இது மெமரி கார்டு.
மூக்குத்தி தொலைச்சிருக்கீங்களா?"
இரண்டு தடவை.
"அப்ப இது வேணாம்."

எனக்கு வேண்டியது இவ்வளவுதான்:
இரண்டாயிரத்து நூற்று நாற்பது படங்கள்,
படுத்துவிட்ட சம்பா,
கதிரிலேயே முளை கிளப்பிய சம்பா,
முழங்கால் தண்ணீரில் நின்று
பட்டா எண்ணைச் சிலேட்டில் பிடித்திருக்கும் ஆட்கள்.
டவர் சாய்ந்ததால் எதுவும் காற்றில் போகாது.
திருவாரூருக்குக் கையில்தான் போக வேண்டும்,
நாளை மாலை ஐந்துக்குள்.
காசு என்னுடையது. பில் போட்டால்
அடுத்த மார்கழிக்கு வரலாம்.

பக்கிரிசாமியின் ஒன்பது மா
ஐந்து எம்பி.
பண்ணையின் நாலு வேலியும்
ஐந்து எம்பிதான்.
கம்ப்யூட்டரில் மட்டும் இந்த நியாயம்.

அறுபத்து நான்கு என்று எழுதியதை
லேப்டாப்பில் செருகினால் ஐம்பத்தொன்பது காட்டுகிறது.
"இது என்ன, தலைதட்டின மரக்காலா?" என்றேன்.
"கம்பெனிக்காரன் கணக்கு வேற, கம்ப்யூட்டர் கணக்கு வேற.
மூட்டைக்கு ஒரு கிலோ அதிகம் பிடிக்கிறாங்களே,
அதை மட்டும் கேக்க மாட்டீங்க."

ஒரே நாற்றங்காலை நம்பி
இங்கே எவரும் நடவுக்குப் போவதில்லை.
ஒன்று பெரியது, ஒன்று சிறியது,
இரண்டு பென் டிரைவ் வாங்கினேன்.
சிறியதை அவரே பழைய முறையில் ஃபார்மட் செய்தார்:
"ஆபீஸ் மெஷின் கிழடா இருந்தா இது கை கொடுக்கும்.
நாலு ஜிபிக்கு மேலே ஒரே ஃபைலா இருந்தா
இது வாங்காது, பார்த்துக்குங்க."

இருந்தது.
தலையாரி அமிர்தகடேசன் போனில் பிடித்தது,
விடியலில் வடிகால் கரை உடைந்த பதினோரு நிமிடம்.
ஐந்து ஜிபி, ஒரே ஃபைல்.
சிறியது அதை வாங்கவில்லை. பெரியது வாங்கிக்கொண்டது.

ஒன்றை டிபன் பாக்ஸ் மூடிக்குள்,
ஒன்றை இடுப்புச் சுருக்கில்.
பஸ் பள்ளத்தில் இறங்கிய போதெல்லாம்
இரண்டையும் தொட்டுப் பார்த்தேன்.
பக்கத்து சீட்டுக்காரி
நகை என்று நினைத்து நகர்ந்து உட்கார்ந்தாள்.

கலெக்டர் ஆபீஸ் மூன்றாம் மாடி.
செங்கமலம் மேடம் பெரியதைச் செருகினார்.
திரை கேட்டது:
இந்த டிஸ்க் ஃபார்மட் ஆகவில்லை,
இப்போது செய்யட்டுமா?
அவர் விரல் 'ஆம்' பக்கம் போனது,
பழக்கம்.
"மேடம்!"
நான் போட்ட சத்தத்தில்
பக்கத்து மேஜை ஸ்டாப்ளர் நின்றது.
ஒரு கிளிக்கில் எத்தனை வேலி!

சிறியது திறந்தது.
நீலக்கோடு ஊர்ந்து ஊர்ந்து
நாலு ஐம்பதுக்கு முடிந்தது.
"வீடியோ ஒன்னு இருக்குங்க, கரை உடைஞ்சது."
"படிவத்துல வீடியோவுக்குக் கட்டம் இல்லையே.
போட்டோ போதும்."

கரை உடைந்ததற்கும் கட்டம் இல்லை.
'இயற்கை' என்று ஒரு கட்டம் இருந்தது,
அதில் டிக் அடித்திருந்தார்கள்.

மூன்று வருஷமாய் மனு கொடுத்த மதகு அது.
வீடியோவில் ஆறாவது நிமிடம்
துருப்பிடித்த திருகோடு கதவு பெயர்ந்து போகும்.
அமிர்தகடேசன் கேமராவுக்குப் பின்னால்
கெட்ட வார்த்தை ஒன்று சொல்வார்.

ஆறரை பஸ்.
ஜன்னலோரம், இருட்டில் தேங்கிய வயல்.
இடுப்பில் கட்டைவிரல் அளவுக்கு
ஒரு கரை
இன்னும் உடைந்துகொண்டிருக்கிறது.
நாளை ஜபருல்லாவிடம் கேட்க வேண்டும்,
ஐந்து ஜிபியை இரண்டாக வெட்ட
ஏதாவது வழி உண்டா என்று.
ஆறாவது நிமிடத்தில் மட்டும்
வெட்ட வேண்டாம் என்றும்.