இரண்டு மில்லிமோல்

காலை எட்டேகாலுக்கு வந்து சேர்ந்தது
சிக்ஸ்டனின் தொடையிலிருந்து வெட்டியெடுத்த தசை.
சுண்டுவிரலில் பாதி நீளம்.
இன்னும் ஐந்து மணி நேரம் உயிரோடிருக்கும்,
அதற்குள் கேட்க வேண்டியதைக் கேட்டாக வேண்டும்.

வெளியே லுண்ட் நகரத்துப் பிப்ரவரி,
சைக்கிள் இருக்கைகளில் பனி.
உள்ளே முப்பத்தேழு டிகிரியில் உப்புநீர்,
அடியிலிருந்து ஏறிவரும் ஆக்ஸிஜன் குமிழ்கள்.
ஒரு நுனியைப் பட்டு நூலால் கொக்கியில் கட்டினேன்,
மறு நுனியை விசைமானியில்.
ஐந்து விநாடிக்கொரு சிறிய மின்னதிர்ச்சி.
துடித்தது.
உடையவர் இரண்டு மாடி கீழே
கால் மரத்துப் படுத்திருக்கிறார்.
அவர் கால் இங்கே நடந்துகொண்டிருக்கிறது.

படிவத்தில் குடும்ப வரலாறு:
அக்கா டூவா. பதினேழு வயது.
எண்பத்தொன்பதில், ஊஸ்தாட் மருத்துவமனையில்
உடைந்த மணிக்கட்டைக் கூட்டி வைக்க
மயக்க வாயு கொடுத்தார்கள்.
தாடை இறுகியது.
உடம்பு நாற்பத்து மூன்றைத் தொட்டது.
'வெறும் மணிக்கட்டு' என்று எழுதிய பேனா
கட்டத்தைத் தாண்டி ஓரத்தில் ஏறியிருந்தது.

ஒவ்வொரு தசைநாரிலும்
கால்சியத்தைப் பூட்டி வைத்த அறைகள் உண்டு.
கதவு ஒரு கணம் திறக்கும், தசை சுருங்கும்.
அப்புறம் சிந்தியதையெல்லாம்
திரும்ப உள்ளே இறைத்தாக வேண்டும்.
எந்த இறைப்பும் இனாமில்லை.
ஒவ்வொரு வாளிக்கும் ஒரு ஏடிபி கூலி.
டூவாவுக்குக் கதவு திறந்தபடியே நின்றுவிட்டது.
இறைத்தன, இறைத்தன, இறைத்துக்கொண்டே இருந்தன.
கிளைகோஜன் கையிருப்பு கரைந்து அமிலமாயிற்று,
மைட்டோகாண்ட்ரியாக்கள் உலையாயின.
விரலசைக்காமல் கிடந்த பெண்ணின் உடம்பு
யாரும் பார்க்காத ஒரு மாரத்தானை
ஓடி முடித்தது.

அந்தக் கதவைத் தட்டிப் பார்க்கத்தான் காஃபீன்.

"காப்பி?" என்று தலை நீட்டினார் யோரன்.
"முதலில் இதற்கு" என்றேன்.
ஒரு கோப்பை குடித்தவர் ரத்தத்தில் இருப்பதைவிட
பல மடங்கு கூடுதலாக இங்கே ஊற்றுவோம்.
குடிப்பவர் தசையில் அது கதவருகே
செருமிவிட்டுப் போகிறது, அவ்வளவுதான்.
சக்தி என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பங்கு
மூளை தன் களைப்பை மறந்துபோவது.

அரை மில்லிமோல். மூன்று நிமிடம்.
ஒன்று.
ஒன்றரை. கோடு தரையோடு தரையாக.
இரண்டு.
இங்கேதான் எழும், எழுவதாக இருந்தால்.
பக்கத்துத் தொட்டியில் இன்னொரு இழை,
அதற்கு வாயு. அங்கும் சலனமில்லை.
என் முழங்கால் மேசைக்கடியில் ஆடியது.
நானும் மூன்று கோப்பை குடித்திருந்தேன்.

கடைசியாக முப்பத்திரண்டு.
இதற்கு எந்த மனிதத் தசையும் தாங்காது.
சுருண்டு, விறைத்து, கோடு கூரைக்கு ஏறியது.
ஆக உயிர் இருந்திருக்கிறது,
இத்தனை நேரமும் மறுத்துக்கொண்டு.

மாலை, தாழ்வாரத்துக் காப்பி இயந்திரத்தருகே
சக்கர நாற்காலியில் அவர்.
மருத்துவர் சொல்லிவிட்டிருந்தார்:
உங்களுக்கு இல்லை, மகள் லிவ்வுக்கும் பயமில்லை,
அவள் இடுப்புக்கு எந்த மயக்கமும் கொடுக்கலாம்.
நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
"நாங்கள் இருவரும் ஒரே அச்சு" என்றார்,
"காது, நடை, இடதுகைப் பழக்கம்.
முப்பத்தைந்து வருடமாக
அதுவும் என்னிடம் இருக்கும் என்றே
பத்திரமாக வைத்திருந்தேன்."

கோட்டைப் பார்க்கலாமா என்று கேட்டார்.
காகிதத்தை விரித்தேன்.
இரண்டு என்று குறித்த இடத்தில்
விரலை வைத்து நெடுநேரம் தடவினார்,
சமதளத்தில் ஒரு மேடு தட்டுப்படுமா என்று.

இயந்திரம் உறுமி நின்றது.
கோப்பையை எடுத்துக் கொடுத்தேன்.
இடது கையால் வாங்கிக்கொண்டார்.