பெயரளவில்

சியென்ஃபுயேகோஸில் கடலைப் பார்த்த வீடு.
வாங்கியவர் ரெஜான், கியூபெக்கில் பேருந்து ஓட்டி ஓய்ந்தவர்.
பத்திரத்தில் இருப்பது நான்:
ஒடாலிஸ், பல் ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவள்.
அந்நியர் பெயரை எங்கள் பதிவேடு வாங்காது.

"ஏது இவ்வளவு பணம்?"
"சேமித்தேன்."
அதிகாரி சிரிக்காமல் முத்திரை குத்தினார்.
காப்பிப் பொட்டலம் மட்டும்
மேசைக்கடியில் நகர்ந்தது.

மாதம் ஒருமுறை
மின்கட்டணச் சீட்டோடு
என் வீட்டுக் கதவை நானே தட்டுகிறேன்.
திறக்கும்போதெல்லாம் என் முகத்தைப் படிக்கிறார்:
இன்றைக்கா?

நேற்று நெடுநேரம் இருமினார்.
உங்களுக்குப் பிறகு யார் என்று கேட்க
நாக்கு நுனி வரை வந்தது.
கரண்ட் போய்விட்டது.

இருட்டில் இருவரும்
மெழுகுவத்தியைத் தேடினோம்.
எந்த இழுப்பறையில் இருக்கிறதென்று
அவருக்குத்தான் தெரிந்தது.