சுங்கத்திலிருந்து ஒரு கேள்வி

கேள்வி ஒரே வரிதான்:
"தாங்கள் தருவித்துள்ள சரக்கு
விளையாட்டுக்கா, பொது உடற்பயிற்சிக்கா?"

தம்புச்செட்டித் தெருவிலிருந்து கலியமூர்த்தி
அதை வாட்ஸப்பில் தள்ளிவிட்டபோது
கேரம் பவுடரை நிறுத்துப் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தேன்.
சத்துவாச்சாரி. மத்தியானம் மூன்று மணி.
ஷட்டர் இரும்பில் கை வைக்க முடியாத சித்திரை.

சரக்கென்றால் பெரிதாக ஒன்றுமில்லை.
பெண்கள் தூக்கும் பதினைந்து கிலோ கம்பி இரண்டு,
இருபது கிலோவில் ஒன்று,
ரப்பர் தட்டுகள் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை.
கப்பல் கூலி, காப்பீடு சேர்த்து
சுங்கம் போட்ட மதிப்பு ஒரு லட்சம்.

லட்சத்துக்கு இருபதாயிரம் தீர்வை.
அந்த இருபதாயிரத்துக்கு இன்னொரு இரண்டாயிரம்,
சமூக நலனுக்காம்.
எல்லாவற்றையும் கூட்டி
அதன் தலையில் ஜி.எஸ்.டி.
விளையாட்டென்றால் பன்னிரண்டு
உடற்பயிற்சியென்றால் பதினெட்டு.
கால்குலேட்டரில் இரண்டு முறை தட்டிப் பார்த்தேன்.
வித்தியாசம் ஏழாயிரத்து முந்நூற்று இருபது.

"அதான் கிரெடிட் எடுத்துக்கலாமேம்மா."
நான் காம்போசிஷன்காரி, அண்ணே.
எனக்குப் போனது போனதுதான்.

பதில் எழுத உட்கார்ந்தேன்.

ஐயா,
பவதாரணி என்றொரு பெண்.
நாற்பத்தொன்பது கிலோ.
அவள் அப்பா ராணிப்பேட்டையில் ஈரத்தோல் சுமக்கிறார்.
அதை யாரும் உடற்பயிற்சி என்பதில்லை,
விளையாட்டு என்றும்.
இவள் அறுபத்தெட்டு கிலோவைத் தலைக்கு மேலே நிறுத்துகிறாள்.
முழங்கை மடங்கினால் செல்லாது.
மூன்று நடுவர், மூன்று விளக்கு.
இரண்டு வெள்ளை எரிந்தால் போதும்.
உங்கள் மேசையில் எத்தனை விளக்கு?

கடைசி வரியை அடித்தேன்.
அப்புறம் தோலை, அப்பாவை.
கடிதம் மெலிந்துபோனது.
கேட்டலாக் நகல் நான்கு பக்கம் வைத்துக்
கனப்படுத்தி அனுப்பினேன்.

நாலாம் நாள் கலியமூர்த்தி கூப்பிட்டார்.
"குடோன் வாடகை நாளைக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம்.
இன்னியோட ஏழாயிரத்து அறுநூறு ஆச்சு.
நாம சண்டை போடறதே ஏழாயிரத்து முந்நூறுக்கு."

எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு:
தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை.
அதன் கீழே இதையும் சேர்த்துக்கொள்ளலாம்,
ஜெயித்தால் நஷ்டமாகும் வழக்கு.

"உடற்பயிற்சின்னே போட்டுடுங்க."

சாக் கட்டி வாங்க வந்த பவதாரணி
கல்லாப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.
"எதுக்கா உடற்பயிற்சி?"
"நீ பண்றதுதான்."
சிரித்தாள் என்று நினைக்கிறேன்.
நான் சில்லறை தேடிக்கொண்டிருந்தேன்.

லாரி வந்தது ராத்திரி பதினொன்றரைக்கு,
பைபாஸ் சர்வீஸ் ரோட்டில்.
லோடுமேன் கிடைக்கவில்லை.
ஐந்து பெண்கள் வந்து இறக்கினார்கள்,
கூலி கேட்காமல், ஆளுக்கொரு தட்டை
இடுப்பில் குடம்போல வைத்துக்கொண்டு.
ஒரு பச்சைத் தட்டில்
சுங்கத்துச் சாக்பீஸில் வட்டமிட்ட நாலு.
இன்னும் அழிக்கவில்லை.

மறுநாள் காலை தகரக் கொட்டகை.
கோச் தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம், குடியாத்தம் போய்விட்டார்.
"நீங்க நடுவரா நில்லுங்கக்கா, சொன்னா போதும்."

கம்பி மேலே போனது.
கால்கள் ஒரு கோட்டுக்கு வந்தன.
இனி நான் சொல்லும் வரை அவள் விடக்கூடாது.

ஏற்றுமதி, இறக்குமதி என்று
எத்தனை படிவத்தில் எழுதியிருப்பேன்.
அதற்குள் ஏற்று, இறக்கு என்று
இரண்டு சொல் உட்கார்ந்திருப்பது
அப்போதுதான் கண்ணில் பட்டது.

விலை ஸ்டிக்கர் ஒட்டாத தட்டுகள்
அவள் கைகளின் இரு முனையிலும்.
யாரிடம் எவ்வளவு கேட்பதென்று
நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

"அக்கா."

முழங்கை நடுங்கத் தொடங்கியது.

இறக்கு, என்றேன்.